டாக்டரின் படிப்புக் கடனை யார் கட்டுவது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். டாக்டர் இல்லாத ஊர்களைப் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். இளம் டாக்டர்களுக்குச் சேவை மனப்பான்மை குறைந்துபோனதே காரணம் என்று அதில் எழுதியிருந்ததை என்னால் ஏற்க முடியவில்லை.

நான் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். கடைசி 9 ஆண்டுகள், பஸ்கூடச் சரியாக வராத ஒரு சின்ன சுகாதார நிலையத்தில் வேலை பார்த்தேன். அந்த 9 ஆண்டுகளில் 7 டாக்டர்கள் வந்து போனார்கள். சர்க்கரைக்கு மாத்திரை வாங்க வரும் ஒரு பாட்டியின் நோட்டில் நாலு பக்கத்துக்கு ஒருமுறை கையெழுத்து மாறியிருக்கும். புது டாக்டர் வந்ததும் என் காதோரம் வந்து கேட்பார்: "இவரு எத்தனை மாசத்துக்கும்மா?"

அந்த ஏழு பேரில் ஒருவரை மறக்கவே முடியாது. ஒரு ராத்திரி டியூட்டியில் மருந்துச் சீட்டின் பின்பக்கம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். மேலே சம்பளம், கீழே படிப்புக் கடனின் மாதத் தவணை, அதற்கும் கீழே வீட்டுக்கு அனுப்ப வேண்டியது. "நான் கட்டுறது பாதி வட்டிக்கே போயிடுது சிஸ்டர்" என்றார். இரண்டு மாதத்தில் நகரத்துத் தனியார் மருத்துவமனைக்குப் போய்விட்டார். கிளம்புவதற்கு முன் உட்கார்ந்து, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடும் 43 பேரின் பெயரையும், யாருக்கு எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாது என்பதையும் கைப்பட எழுதிக் கொடுத்தார். சேவை மனப்பான்மை இல்லாதவர் செய்கிற வேலையா அது?

அவருடைய கடனை அரசு கட்டியிருந்தால் அவர் இருந்திருப்பார். நான் சொல்ல வந்தது இதுதான். டாக்டர் போகாத இடத்தில் வேலை பார்ப்பவருக்கு, அவர் அங்கே இருக்கும் ஒவ்வோர் ஆண்டுக்கும் கடனில் ஒரு பங்கை அரசே வங்கிக்கு நேராகக் கட்டிவிட வேண்டும்.

இது புது யோசனை இல்லை. அமெரிக்காவில், டாக்டர் பற்றாக்குறை உள்ள ஊர்களுக்கு டாக்டர்களை அனுப்பும் தேசிய சுகாதார சேவைப் படை என்ற அமைப்புக்கான சட்டம் 1970-லேயே வந்துவிட்டது. கடனைக் கட்டும் ஏற்பாடு அப்புறம் சேர்ந்தது. கனடாவில் டாக்டர் பற்றாக்குறை உள்ள கிராமப்புறங்களிலும் ஒதுக்குப்புறமான ஊர்களிலும் வேலை பார்க்கும் குடும்ப டாக்டர்களுக்கு, 5 ஆண்டுகளில் 60,000 கனடா டாலர் வரை மத்திய அரசின் மாணவர் கடன் தள்ளுபடியாகிறது. செவிலியர்களுக்கும் இது உண்டு, 30,000 டாலர் வரை. டாக்டர் மட்டும் தங்கி, செவிலியர் கிளம்பிவிட்டால் நிலையம் ஓடாது என்பது எனக்குத் தெரியும். அதனால் எனக்கு மிகவும் பிடித்தது அந்த அம்சம்தான்.

ஜப்பானின் ஜிச்சி மருத்துவப் பல்கலைக்கழகம் 1972-ல் தொடங்கப்பட்டது. ஒவ்வொரு மாகாணத்திலிருந்தும் இரண்டு மூன்று பேரைச் சேர்த்து, படிப்புச் செலவைக் கடனாகக் கொடுக்கிறது. சொந்த மாகாணத்துக்கே திரும்பிப்போய் சுமார் 9 ஆண்டுகள் வேலை பார்த்தால் கடன் முழுக்கத் தீர்ந்துவிடும். கிராமத்தில் வளர்ந்தவர்கள்தான் கிராமத்தில் அதிகம் தங்குகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. நான் பார்த்த வரையிலும் அப்படித்தான். ஆனால் கையில் காசில்லாமல் பெரிய கடன் வாங்கிப் படிக்கிறவர்களும் பெரும்பாலும் அவர்களே.

சரி, பணம்? திட்டத்தை அறிவிப்பது சுலபம், ஆண்டுதோறும் நிதி ஒதுக்குவதில்தான் சிக்கல். அமெரிக்கத் திட்டத்துக்கே 2017 செப்டம்பர் 30-ஆம் தேதியோடு முக்கியமான ஒதுக்கீட்டின் கெடு முடிந்து, இரண்டு ஆண்டுகளுக்கான நீட்டிப்பு வர 2018 பிப்ரவரி ஆகிவிட்டது. குடும்பத்தோடு வீடு மாற்றிப் போகலாமா என்று யோசிக்கும் ஒரு டாக்டர், அந்த நாலைந்து மாதத்தில் எதை நம்பிக் கையெழுத்துப் போடுவார்? ஒருவரோடு 5 ஆண்டு ஒப்பந்தம் போட்டால், அந்த 5 ஆண்டுப் பணத்தையும் அன்றைக்கே தனியாக எடுத்து வைத்துவிட வேண்டும். அரசு மாறினாலும், பட்ஜெட்டில் துண்டு விழுந்தாலும் யாரும் அதில் கை வைக்கக் கூடாது. இதைச் செய்ய முடியாவிட்டால் அறிவிக்கவே வேண்டாம். ஒரு தடவை ஏமாந்த டாக்டர் தன் ஜூனியர்கள் எல்லோரிடமும் சொல்லிவிடுவார்.

இன்னொன்று. கடைசி ஆண்டுகளின் பங்கு பெரிதாக இருக்கட்டும். முதல் ஆண்டில் டாக்டர் ஊரைப் படிக்கிறார், இரண்டாம் ஆண்டில்தான் ஜனங்கள் அவரிடம் மனம்விட்டுப் பேச ஆரம்பிக்கிறார்கள். மூன்றாம் ஆண்டில் இருக்கும் டாக்டர்தான் ஊருக்கு உண்மையில் பலன் தருகிறவர். வேலை பார்க்கும் காலத்தில் வட்டி ஏறாமல் நிறுத்தி வைப்பதும் அவசியம்.

இத்தனை ஆண்டு வேலை பார்க்காவிட்டால் அபராதம் என்று கட்டாயப் பத்திரம் எழுதி வாங்கினால் போதாதா என்று சிலர் கேட்கிறார்கள். அபராதத்துக்குப் பயந்து வந்தவர்கள் காலண்டரில் நாளை அடித்துக்கொண்டிருந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அவர்களைக் குறை சொல்லவில்லை. கடனும் தீராமல், ஊரை விட்டுப் போகவும் முடியாமல் இருந்தால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். எத்தனை டாக்டர் பணியிடங்கள் காலியாகக் கிடக்கின்றன என்று அடுத்த முறை எழுதும்போது, அங்கே சேர்ந்தவர்கள் எத்தனை மாதம் இருந்தார்கள், எவ்வளவு கடனோடு வந்தார்கள் என்றும் விசாரித்து எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற செவிலியர் ஒருவர்