பூச்சிகளையும் எண்ணிப் பார்ப்போம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு பினாங்குக் கரையோரங்களில் அலையாத்தி (கடலோரச் சதுப்பில் வளரும் மரம்) கன்றுகள் நடப்பட்டு வருவது மகிழ்ச்சிக்குரியது. ஆனால், எத்தனை கன்றுகள் நட்டோம் என்று எண்ணுகிற நாம், எத்தனை வகைப் பூச்சிகள் திரும்பி வந்தன என்று கேட்பதில்லை. பெரும்பாலும் காற்றாலேயே மகரந்தம் பரவும் சுரபுன்னை என்ற அலையாத்தி வகையை மட்டும் வரிசையாக நட்டால், வேறு அலையாத்தி வகைகளான வெண்கண்டலின் பூக்களை நாடும் தேனீக்களுக்கும், பெரெம்பாங் மரத்தின் இரவில் மலரும் பூக்களைத் தேடிவரும் அந்துப்பூச்சிகளுக்கும் அங்கே உணவு குறைந்துவிடும். நிபோங் திபால் அருகே கிரியான் ஆற்றோரம் மின்மினிகள் கூட்டமாக ஒளிர்வதை என் பிள்ளைகளுக்குக் காட்டியிருக்கிறேன். அவை கூடுவது ஆற்றோர மரங்களில் என்றாலும், அவற்றின் புழுக்கள் நத்தைகளைத் தின்று வளர்வது மரங்களுக்குப் பின்னாலுள்ள ஈரமண்ணில் என்பதால், அந்தத் தரையையும் சேர்த்தே காக்க வேண்டும். மறுநடவு செய்த இடங்களில் ஆண்டுதோறும் பூச்சிக் கணக்கெடுப்பும் நடத்துமாறு மாநில அரசை வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர், பட்டர்வொர்த்