பலகைக்கு முன்பணம் கொடுக்காதே

அன்புள்ள மாலதி,

உன் கடிதமும், தொடங்கப்போகும் பேக்கரிக்கு நீ யோசித்த ஏழு பெயர்களும் வந்து சேர்ந்தன. இங்கே எல்லாரும் நலம். சித்ரா கல்யாணப் பேச்சை அடுத்த கடிதத்தில் விரிவாக எழுதுகிறேன். "நிறுவனப் பதிவேட்டில் பெயர் காலியாக இருக்கிறது, வெள்ளிக்கிழமை பலகைக்கு முன்பணம் கொடுக்கிறேன்" என்று கடைசி வரியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறாயே, அதைப் படித்ததும்தான் உடனே எழுத உட்கார்ந்தேன். கொடுக்காதே டி.

நிறுவனப் பதிவேடு ஒரே பெயரில் இரண்டு நிறுவனங்கள் பதிவாகாமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். அங்கே பெயர் கிடைத்துவிட்டால் அந்தப் பெயரை ரொட்டி உறையில் அச்சடிக்கும் உரிமையும் கிடைத்துவிட்டது என்று பலரும் நம்பிவிடுகிறார்கள். அந்த உரிமை வணிகக்குறியை, அதாவது டிரேட்மார்க்கைப் பொறுத்தது. அது பெரும்பாலும் வேறு அலுவலகம், வேறு பதிவேடு, வேறு சட்டம். பல நாடுகளில், பதிவே செய்யாமல் ஒரு பெயரில் வெகுகாலம் கடை நடத்தி வாடிக்கையாளரைச் சேர்த்துவிட்டவருக்கும் உரிமை உண்டு. ஆகவே நீ பார்த்த ஒரு பதிவேடு போதாது. நம் கணக்கு வாத்தியார் பாஷையில், விடை வந்துவிட்டது, வழி தப்பு.

கடை சூடு பிடித்த நேரத்தில் ஒரு வக்கீல் நோட்டீஸ் வந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார். பலகை, கேக் பெட்டி, பை, ஸ்டிக்கர், ரசீதுப் புத்தகம் எல்லாம் வீண். அதைவிடப் பெரிய நஷ்டம், அந்தப் பெயரைத் தேடி வந்துகொண்டிருந்தவர்கள் உன்னைக் கண்டுபிடிக்க முடியாமல் போவது.

இனி உன் பட்டியலுக்கு வருகிறேன். மாலதி எழுதினால் பாதிப் பெயரில் ரொட்டி வாசனை வரும் என்று ஜெயா அன்றே சொன்னாள், சரியாகத்தான் இருக்கிறது. "சுடச்சுட", "இனிப்பு வீடு", "தினம் ஒரு ரொட்டி" மூன்றும் வாயில் நன்றாக உருளுகின்றன. ஆனால் மூன்றும் சரக்கை வருணிப்பவை. சூடான ரொட்டியைச் சூடான ரொட்டி என்று சொல்ல எல்லா பேக்கரிக்காரருக்கும் உரிமை இருக்க வேண்டும் என்பதால், இப்படிப்பட்ட சொற்களை ஒருவருக்கு மட்டும் பதிந்து தர வணிகக்குறி அலுவலகப் பரிசோதகர்கள் பொதுவாக மறுத்துவிடுவார்கள். அழகான எழுத்தில் சின்னமாக வரைந்து கொடுத்தால் சில சமயம் நுழைந்துவிடும். அப்போதும் உனக்குக் கிடைப்பது அந்தச் சித்திரத்துக்கான பாதுகாப்புதான். அதே சொல்லைப் பக்கத்துத் தெருவில் ஒருவர் வேறு எழுத்தில் போட்டால் உன்னால் ஒன்றும் செய்ய முடியாது.

"வெண்ணெய்க்கடல்" வேறு வகையில் ஆபத்து. உன் பஃப் மாவுக்கு மார்ஜரின் போடப்போவதாக நீயே எழுதியிருக்கிறாய். பெயர் வெண்ணெய் என்று சொல்ல, மூலப்பொருள் பட்டியல் வேறு சொன்னால், வாங்குபவரை ஏமாற்றும் பெயர் என்று வணிகக்குறி அலுவலகமும் பிடிக்கும், உணவு லேபிள் விதியும் பிடிக்கும். எடுத்துவிடு. "மாலதி பேக்ஸ்" பாவமில்லை, ஆனால் அதே பெயர்க்காரர்கள் எத்தனை பேர் அடுப்பு மூட்டியிருப்பார்கள்! அதோடு, நாளைக்குக் கடையை விற்கவோ கூட்டாளியைச் சேர்க்கவோ நினைத்தால் உன் பெயரையும் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருக்கும்.

மிச்சம் இரண்டு. "விடியல்" நல்ல பெயர். பேக்கரிக்காரர் எழும் நேரத்தைச் சொல்லாமல் சொல்கிறது. நல்லது என்பதாலேயே பலர் எடுத்திருக்கக் கூடும். "தூக்கணாங்குருவி"தான் என் மனசுக்குப் பிடித்தது. ரொட்டிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, அதுதான் அதன் பலம். சரக்கோடு ஒட்டாத சொல்லுக்கே சட்டத்தில் வலு அதிகம். தொந்தரவும் உண்டு. நீளம். ரோமன் எழுத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள். இப்போதே ஒரே எழுத்துமுறையை முடிவு செய், மற்ற விதங்களையும் தேடிப் பார். வாடிக்கையாளர்கள் எப்படியும் "குருவி" என்று சுருக்கிவிடுவார்கள், அதையும் தேடு. பலகைக்காரர் எழுத்தைத் தகட்டில் வெட்டினால் க், ங் இரண்டின் புள்ளியும் தனித்துண்டாக விழும். பின்னால் தகடு கொடுத்து ஒட்டச் சொல், இல்லாவிட்டால் சில மாதத்தில் புள்ளி உதிர்ந்துவிடும். மாவு பிசையும் இயந்திரம் ஓடும்போது போனில் பெயரைச் சொல்லி, எதிர்முனையில் இருப்பவர் சரியாக எழுதுகிறாரா என்றும் பார்.

தேடுவது எப்படி என்று கேட்டிருந்தாய். உன் நாட்டு வணிகக்குறிப் பதிவேட்டில் தொடங்கு. பிறகு உலக அறிவுசார் சொத்து நிறுவனத்தின் குளோபல் பிராண்ட் டேட்டாபேஸ், அது இலவசம். எழுத்துக்கு எழுத்து அதே பெயரை மட்டும் தேடி நிறுத்திவிடாதே. ஒலியில், தோற்றத்தில், பொருளில் நெருங்கினாலும் மோதல்தான். இரண்டு பெயரையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடும் ஆள் கணக்கில் வரமாட்டார். பாதி ஞாபகத்தோடு கடைக்கு வருகிறவர் குழம்புவாரா என்பதுதான் கேள்வி. வரைபடம், உணவு விநியோகச் செயலிகள், சமூக வலைத்தளங்கள் எல்லாவற்றிலும் பார். பதிவு செய்யாத பழைய கடைகள் அங்கேதான் அகப்படும்.

வணிகக்குறி விண்ணப்பத்தில் வகுப்புகளைக் கவனி. வணிகக்குறிப் பதிவுக்காகச் சரக்கையும் சேவையையும் வகை பிரிக்கும் 1957-இன் நீஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தப்படி மொத்தம் 45 வகுப்புகள். ரொட்டி, கேக், பிஸ்கட், காபித்தூள் எல்லாம் 30. உட்கார வைத்துப் பரிமாறினால் 43. மற்றவர் சரக்கையும் வாங்கி விற்றால் 35. நீ சொன்ன அந்த ஜாம் 29. பெரும்பாலான நாடுகளில் வகுப்புக்கு வகுப்பு கட்டணம் உண்டு, அதனால் ஆசைப்பட்டு எல்லாவற்றையும் கட்டாதே. ஆனால் போட்ட பிறகு பட்டியலைக் குறைக்கலாம், கூட்ட முடியாது. கூட்ட வேண்டுமென்றால் புது விண்ணப்பம்தான். 30-உம் 43-உம் உனக்குக் கட்டாயம். வகுப்பு வேறு என்பதால் மட்டும் தப்பிவிட முடியாது. அதே பெயரில் காபிக் கடை வைத்திருப்பவர் உன் ரொட்டிக்கும் ஆட்சேபம் சொல்லலாம்.

பணம் ஒரு விண்ணப்பத்துக்கு மட்டும்தான் இருக்கிறதென்றால் வெறும் சொல்லுக்குப் போடு, சின்னம் பிறகு. சொல்லைப் பதிந்தால் எழுத்துரு மாறினாலும் பாதுகாப்பு நிற்கும். சின்னம் வரையும் அந்தத் தம்பியிடம், படைப்புரிமையை (காப்பிரைட்) உனக்கு மாற்றிக் கொடுப்பதாக எழுதி வாங்கு. சொந்தக்காரப் பையன் என்று விட்டுவிடாதே. பணம் கொடுத்துவிட்டால் உரிமையும் கூடவே வந்துவிடும் என்று எல்லா இடத்திலும் சொல்ல முடியாது. இணைய முகவரியையும் உன் மின்னஞ்சலில், உன் பெயரில் வாங்கு. அவன் கணக்கில் இருந்தால் சாவி அவன் கையில்.

விண்ணப்பம் போனதும் பரிசோதனை, பிறகு வெளியீடு, அதன் பின் ஆட்சேபக் காலம். இந்தக் காலம் நாட்டுக்கு நாடு மாறும். பதிவானால் பெரும்பாலான இடங்களில் 10 வருடம், பிறகு புதுப்பிக்கலாம். பதிவாகும்வரை, பதிவான குறி என்று காட்டும் வட்டத்துக்குள் ஆர் போடாதே. பதிவாகாமல் போடுவது பல நாடுகளில் குற்றம். வணிகக்குறி என்று மட்டும் சொல்லும் டிஎம் போடலாம்.

விண்ணப்பம், நிறுவனப் பதிவு, உணவு உரிமம், வங்கிக் கணக்கு, ரசீது எல்லாவற்றிலும் ஒரே எழுத்துமுறை இருக்கட்டும். ஓர் எழுத்து இடம் மாறினாலும் வங்கியில் பணம் திரும்பிப் போகலாம், உரிமத்தைத் திருத்த மறுபடி வரிசையில் நிற்க வேண்டியிருக்கலாம். விண்ணப்பம் யார் பெயரில் என்பதையும் உன் அண்ணனோடு பேசி முடித்துவிடு. கூட்டு நிறுவனம் என்றால் நிறுவனத்தின் பெயரில், உன் தனிப்பெயரில் அல்ல. அண்ணன் தங்கை என்றாலும் எழுத்தில் இருக்க வேண்டும் மாலதி, இதில் மட்டும் கூச்சப்படாதே.

பலகைக்காரர் அவசரப்படுத்தினால் அளவை மட்டும் எடுத்துப் போகச் சொல். தேடலில் என்ன அகப்பட்டது என்று எழுது. "குருவி" என்ற ஒலியில் 30, 43 இரண்டு வகுப்பிலும் வருவதை எல்லாம் அனுப்பு, நானும் உட்கார்ந்து பார்க்கிறேன்.

அன்புடன்,
வசந்தா

பி.கு.: எட்டாவதாக ஒரு பெயர் தோன்றினால் அடுப்புப் பக்கம் கத்திச் சொல், சமூக வலைத்தளத்தில் சொல்லாதே. விண்ணப்பம் போகும்வரை பெயர் உன் வீட்டுக்குள் இருக்கட்டும்.