'காணவில்லை' புகாரும் காவல் நிலையத்தின் கடமையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தன்பாலீர்ப்பாளர், திருநங்கை, திருநம்பி உரிமைகள் பற்றிச் செய்தி வந்தால், "இதெல்லாம் வெளிநாட்டுச் சங்கதி, நம்ம ஊருக்கு என்ன?" என்று கேட்கும் கடிதமும் பின்னாலேயே வந்துவிடுகிறது. நம்ம ஊருக்கு என்ன என்பதற்கான பதில் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றில் இருக்கிறது. 2025 மே 22 அன்று நீதிபதிகள் ஜி.ஆர்.சுவாமிநாதன், வி.லட்சுமிநாராயணன் அமர்வு முடித்துவைத்த ஆட்கொணர்வு மனு (சட்டவிரோதமாக அடைத்துவைக்கப்பட்டவரை நீதிமன்றத்தில் கொண்டுவந்து நிறுத்தக் கேட்கும் மனு) அது. அதில் எதிர்மனுதாரராக நின்றவர் வேலூர் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர்.

25 வயதுப் பெண் ஒருவர் தன் இணையரான இன்னொரு பெண்ணோடு வாழ விரும்பினார். பெற்ற குடும்பம் அவரை வீட்டில் அடைத்துவைத்தது. இணையர் நீதிமன்றம் போனார். மனுவில்கூட அவர் தன்னை நெருங்கிய தோழி என்றுதான் சொல்லிக்கொள்ள முடிந்தது. அந்தத் தயக்கம் தங்களுக்குப் புரிகிறது என்று நீதிபதிகள் எழுதினார்கள். கல்யாணம் ஒன்றுதான் குடும்பம் அமைக்கும் வழி என்றில்லை, ஒருவர் தானே தேர்ந்துகொள்ளும் குடும்பமும் குடும்பம்தான் என்றார்கள். வீட்டார் அவர் சுதந்திரத்தில் குறுக்கிடத் தடை விதித்து, கேட்கும்போதெல்லாம் பாதுகாப்புத் தரும்படி காவல் துறைக்கு உத்தரவிட்டார்கள். புகாரைக் கண்டுகொள்ளாமல் இருந்ததற்காகவும் ஈரமில்லாமல் நடந்துகொண்டதற்காகவும் காவல் துறையைக் கண்டித்தார்கள்.

இந்தத் தீர்ப்பு வந்ததோடு வேலை முடியவில்லை. இப்படிப்பட்ட வழக்குகள் எந்த இடத்தில் கெடுகின்றன என்பதை உங்கள் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

பெரும்பாலும் 'பெண் காணவில்லை' என்று பெற்றோர் கொடுக்கும் புகாரில்தான் ஆரம்பிக்கிறது. செல்போன் இருப்பிடத்தை வைத்துப் பெங்களூரிலோ புதுச்சேரியிலோ இருவரையும் பிடித்து ஸ்டேஷனுக்குக் கூட்டிவருவார்கள். அங்கே ஒருபக்கம் அம்மா அழுவார், ஒருபக்கம் மாமன்மார் நிற்பார்கள். அந்தக் கூட்டத்துக்கு நடுவில் "நீ யாரோட போற?" என்ற கேள்வி வரும். பயத்தில் சொல்லும் பதிலை விருப்பம் என்று எழுதிக் கையெழுத்து வாங்கி, பெற்றோரிடம் 'ஒப்படைத்து' ஃபைலை மூடிவிடுவார்கள். வயது வந்த ஒருவரை இன்னொருவரிடம் ஒப்படைக்க எந்தச் சட்டமும் இடம் தரவில்லை. வீட்டுக்குப் போனதும் போன், ஆதார், மார்க் ஷீட் எல்லாம் பூட்டுக்குள் போய்விடும். அப்புறம் தாயத்து, மந்திரிப்பு, அவசர மாப்பிள்ளை. அதற்குப் பிறகு அந்தப் பெண்ணை வெளியே கொண்டுவர ஆட்கொணர்வு மனு தவிர வழியிருக்காது.

இதைத் தடுக்கும் விதி ஏற்கெனவே இருக்கிறது. 2021 ஜூன் 7 அன்று நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் பிறப்பித்த உத்தரவின்படி, காணாமல் போனதாகப் புகார் வந்து, விசாரணையில் அவர்கள் வயது வந்தவர்கள், சம்மதத்தோடு சேர்ந்திருக்கும் பால்புதுமையினர் (தன்பாலீர்ப்பாளர், திருநங்கை, திருநம்பி முதலியோர்) என்று தெரிந்தால், வாக்குமூலம் வாங்கிக்கொண்டு, எந்தத் தொந்தரவும் தராமல் புகாரை முடித்துவிட வேண்டும். அதைத் தொடர்ந்து 2022-ல் காவலர் நடத்தை விதிகளில் 24-சி சேர்க்கப்பட்டது. அதன்படி, பால்புதுமையினரையோ அவர்கள் நலனுக்காக வேலை செய்பவர்களையோ துன்புறுத்தும் காவலர் துறை நடவடிக்கைக்கு ஆளாவார். இந்த எண்ணைத் தெரிந்துவைத்துச் சொன்னாலே ஸ்டேஷனில் பேச்சின் தொனி மாறும்.

வீட்டை விட்டுக் கிளம்பும் நிலைக்கு வந்துவிட்டவர்கள் முன்னதாகச் செய்ய வேண்டியவை சில உண்டு. வயதுச் சான்று முக்கியம். பிறப்புச் சான்றிதழோ பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டோ அசலைக் கையில் எடுத்துக்கொண்டு, நகலை நம்பகமான ஒருவரிடம் கொடுத்துவைக்க வேண்டும். "என் விருப்பத்தில் வெளியேறுகிறேன், யாரும் கடத்தவில்லை, பெற்றோரிடம் அனுப்பக் கூடாது" என்று தேதி போட்டுக் கையெழுத்திட்ட கடிதத்தை, சொந்த ஊர் எஸ்.பி.க்கும் போய்ச் சேரும் ஊரின் காவல் அதிகாரிக்கும் சேர்ந்ததற்கான சான்று கேட்டு, பதிவு செய்த ஸ்பீடு போஸ்டில் அனுப்ப வேண்டும்; மின்னஞ்சலும் போட வேண்டும். தபால் ரசீது தொலையக் கூடாது. வீட்டு நகை, பணம் எதையும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். அதை வைத்துத்தான் திருட்டுப் புகார் வரும். அதன் பிறகு விருப்பத்தைப் பற்றிய பேச்சே எடுபடாது. காவல் நிலையத்தில் வற்புறுத்தினால், மாஜிஸ்திரேட் முன்னால் வாக்குமூலம் தருகிறேன் என்று சொல்லி அதிலேயே நில்லுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பில்லாமல் இலவசச் சட்ட உதவி உண்டு. அதற்குத் தொலைபேசி எண் 15100, பெண்கள் உதவிக்கு 181.

ஆட்கொணர்வு மனு விசாரணைக்கும் உச்ச நீதிமன்றம் 2024 மார்ச் 11 அன்று வழிமுறை வகுத்திருக்கிறது. அடைத்துவைத்திருந்ததாகச் சொல்லப்படுபவர்கள் இல்லாத அறையில், நீதிபதி அந்த நபரிடம் தனியாகப் பேச வேண்டும். மனத்தை மாற்றும் நோக்கத்தில் 'கவுன்சலிங்' அனுப்பக் கூடாது. வழக்கறிஞர்கள் இதை வாய்விட்டுக் கேட்டு வாங்க வேண்டும். அதேபோல, 'குணப்படுத்துகிறேன்' என்று சொல்லும் மருத்துவரின் சிகிச்சை தொழில் ஒழுங்குமீறல் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-லேயே அறிவித்துவிட்டது. புகார் கொடுக்க வேண்டிய இடம் தமிழ்நாடு மருத்துவ கவுன்சில். உலக சுகாதார அமைப்பு தன்பாலீர்ப்பை நோய்ப்பட்டியலிலிருந்து நீக்கியதே 1990 மே 17. பெற்றோர் பலருக்கு இன்னும் யாரும் இதைச் சொல்லவில்லை. இதற்காக அவர்கள்மேல் எங்களுக்குக் கோபமில்லை, வருத்தம்தான்.

திருநங்கை, திருநம்பியருக்கு வேலூரில் வேறொரு சிக்கல். திருநர் உரிமைப் பாதுகாப்புக்கான 2020 விதிகளின்படி அடையாளச் சான்று தருபவர் மாவட்ட ஆட்சியர். விண்ணப்பித்தவர் அந்த மாவட்டத்தில் தொடர்ந்து 12 மாதம் குடியிருந்திருக்க வேண்டும். பழைய வேலூர் மாவட்டம் 2019-ல் மூன்றாகப் பிரிந்தது. ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்கள் திருப்பத்தூர் ஆட்சியருக்கும், ஆற்காடு, வாலாஜா, அரக்கோணத்துக்காரர்கள் ராணிப்பேட்டைக்கும் விண்ணப்பிக்க வேண்டும். ஆதாரில் 'வேலூர் மாவட்டம்' என்று இருப்பதைப் பார்த்துச் சத்துவாச்சாரியிலுள்ள வேலூர் ஆட்சியர் அலுவலகத்துக்கு வந்தால் அலைச்சல்தான் மிச்சம். முதலில் ஆதார் முகவரியைச் சரிசெய்துகொள்ளுங்கள். திருநர் என்ற சான்றுக்கு 2020 விதிகள் உறுதிமொழிப் பத்திரம் மட்டும்தான் கேட்டன, மருத்துவப் பரிசோதனை கேட்கவில்லை. அறுவைச் சிகிச்சைக்குப் பின் ஆண் அல்லது பெண் என்று மாற்றிக் கேட்கும்போது மட்டும்தான் மருத்துவமனைச் சான்று கேட்டன. இப்போதைய விதி என்ன என்பதை விண்ணப்பிக்கும் முன் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கவுன்ட்டரில் திருப்பி அனுப்பினால், மறுப்பை எழுத்தில் கேளுங்கள். 2020 விதிகளின்படி 90 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

இனி, வெளிநாட்டுச் சங்கதிக்கு வருவோம். 1860-ல் ஆங்கிலேயர் இந்தியாவுக்கு எழுதிய தண்டனைச் சட்டத்தில் தன்பாலின உறவைக் குற்றமாக்கிய 377-ஆம் பிரிவை, நாம் 2018 செப்டம்பர் 6 அன்று வயது வந்தோரின் சம்மத உறவிலிருந்து விலக்கினோம். அதே எண் பாகிஸ்தான், வங்கதேசம், மியான்மர், மலேசியா சட்டப் புத்தகங்களில் இன்றும் இருக்கிறது. இலங்கையில் அது 365, 365-ஏ. சிங்கப்பூர் தன் 377-ஏ பிரிவை 2022-ல்தான் நாடாளுமன்றத்தில் நீக்கியது. உகாண்டா 2023-ல் ஆயுள் தண்டனையும், சிலவற்றுக்கு மரண தண்டனையும் வைத்தது. ஈராக் 2024-ல் 10 முதல் 15 ஆண்டுச் சிறை என்றது. குடியாத்தம், பேர்ணாம்பட்டிலிருந்து பிழைப்புக்கு வளைகுடா போகிறார்களே, அங்கே குவைத்தில் ஆண்களுக்கிடையிலான உறவுக்கு 7 ஆண்டு வரை சிறை. அகப்பட்ட நம்ம ஊர்ப் பையன் காரணத்தை வீட்டுக்கும் சொல்ல முடியாது, தூதரகத்திலும் வாய் திறக்கப் பயப்படுவான்.

நேபாளம் 2023-ல் தன்பாலினத் திருமணத்தைப் பதிவு செய்தது. தாய்லாந்தில் 2025 ஜனவரி 23 முதல் சட்டமே வந்துவிட்டது. ஆக, ஆசியாவுக்கு ஒவ்வாது என்ற வாதம் நிற்காது. ஆனால் ஐ.நா. மனித உரிமை அவையில், பாலீர்ப்பு, பாலின அடையாள அடிப்படையிலான வன்முறையை ஆராயத் தனி வல்லுநர் வேண்டும் என்ற தீர்மானம் 2016-ல் வந்தபோதும், 2019-ல் நீட்டிப்புக்கு வந்தபோதும் இந்தியா வாக்களிக்காமல் ஒதுங்கியது. 2016-ல் 377 இங்கே இருந்தது, ஒரு சாக்கு சொல்லலாம். 2019-ல் என்ன சாக்கு? அந்தப் பிரிவால் நூற்றைம்பது ஆண்டுக்கு மேல் அடிபட்ட நாட்டின் ஓட்டு, அதே பிரிவின்கீழ் இன்னும் அடிபடுகிறவர்களுக்குக் கிடைத்திருக்க வேண்டும்.

எனவே இரண்டு வேண்டுகோள்கள். நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் இந்த ஒதுங்கலுக்கான காரணத்தை அவையில் கேட்க வேண்டும். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் எஸ்.பி.க்கள், 2021 உத்தரவின் காணாமல் போனோர் பத்தியையும் விதி 24-சி-யையும் தமிழில் அச்சடித்து, எல்லா ஸ்டேஷனிலும் புகார் வாங்கும் மேசைக்கு மேலே ஒட்டச் செய்ய வேண்டும். அந்தத் தமிழ் வாசகத்தைத் தயாரித்துத் தர நாங்கள் தயார்.

இப்படிக்கு,
சட்ட உதவித் தன்னார்வலர்கள் சிலர்,
வேலூர்.