சஸ்பெண்ட் ஆனவர் யாருடைய டூட்டியைச் சேர்த்துப் பார்த்தார்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சிறைப் பாதுகாப்பு பற்றிப் போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் பத்திரிகையில் அரைப் பக்கத்துக்கு ஒரு கட்டுரை வந்தது. நன்றாகத்தான் எழுதியிருந்தார். ஆனால் நடுவில் ஒரு வரி, செல்போனும் கஞ்சாவும் சிறைக்குள் போவதற்குக் கீழ்மட்டக் காவலர்களின் அலட்சியமும் பணத்தாசையும்தான் காரணம் என்று. வேறு காரணமே கிடையாதாம். எழுதிய தம்பி எந்தச் சிறை வாசலில் எவ்வளவு நேரம் நின்று பார்த்தார் என்று நான் கேட்க மாட்டேன், அவருக்கும் ஆயிரம் வேலை இருக்கும்.

நான் இந்தத் துறையில் இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்ந்து தலைமைக் காவலராக ஓய்வு பெற்றவன். எந்தெந்தச் சிறையில் இருந்தேன் என்பதை எழுதப் போவதில்லை. பென்ஷனில் சாப்பிடுகிறவனுக்கு எதற்கு வம்பு?

காசு வாங்கும் காவலர் யாருமே இல்லை என்று சத்தியம் செய்ய நான் வரவில்லை. இருக்கிறார்கள். பீடிக்கு ஒரு ரேட், சிம்முக்கு ஒரு ரேட், அது உங்களுக்கும் தெரியும். ஆனால் 2018-ல் புழல் சிறைக்குள் எடுத்த படங்கள் வெளியே வந்தனவே, கட்டில், மெத்தை, டிவி என்று லாட்ஜ் ரூம் மாதிரி, அதை மறந்துவிட்டீர்களா? அப்புறம் சோதனை போட்டு டிவிகளை அள்ளினார்கள், சில கைதிகளை வேறு சிறைகளுக்கு மாற்றினார்கள். டிவி என்ன டிபன் பாக்ஸில் உள்ளே போகுமா சார்? மெயின் கேட்டில் ரிஜிஸ்டர் இருக்கிறது, அதில் கையெழுத்துப் போட ஆள் இருக்கிறார், பிளாக் பிளாக்காகச் சுற்றி வந்து எல்லாம் சரி என்று எழுதிவிட்டுப் போக அதிகாரி இருக்கிறார். அத்தனை பேர் கண்ணிலும் படாத பெட்டி, ராத்திரி பாராவில் நிற்கிறவன் கண்ணில் மட்டும் பட்டிருக்க வேண்டுமாம்.

2023 டிசம்பரில் புழல் பெண்கள் சிறையிலிருந்து ஒரு கைதி தப்பினார். இரண்டு பெண் காவலர்கள் சஸ்பெண்ட். சில நாளில் அந்தக் கைதி பெங்களூரில் பிடிபட்டார், செய்தி அத்தோடு முடிந்தது. அன்றைக்கு அந்த ஷிப்டில் எத்தனை பேர் இருந்திருக்க வேண்டும், நிஜத்தில் எத்தனை பேர் இருந்தார்கள், மீதிப் பேர் எங்கே என்று எந்தப் பத்திரிகையாவது கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. நீங்களும் கேட்கவில்லை.

ஆறு கைதிக்கு ஒரு காவலர் என்று மத்திய அரசின் 2016 மாதிரிச் சிறைக் கையேடு சொல்கிறது. படிக்க அழகாக இருக்கும். டூட்டி ரோஸ்டரும் அழகாகத்தான் இருக்கும், எல்லாக் கட்டத்திலும் ஒரு பெயர் இருக்கும். அந்தப் பெயருக்கு உரியவர் எங்கே நிற்கிறார் என்பதுதான் விஷயம். ஒருவர் அதிகாரி வீட்டுப் பிள்ளையை டியூஷனுக்கு அழைத்துப் போயிருப்பார், இன்னொருவர் நாயைக் குளிப்பாட்டிக்கொண்டிருப்பார், மூன்றாமவர் அதிகாரி வீட்டம்மாவுக்கு மீன் வாங்கக் காசிமேட்டுக்குப் போயிருப்பார். காவலர்களை இப்படி அதிகாரி வீட்டு வேலைக்கு வைத்துக்கொள்ளும் ஆர்டர்லி முறையை 1979-லேயே அரசாணை போட்டு ஒழித்துவிட்டார்கள் என்று ஏட்டில் இருக்கிறது. ஒழித்ததை மறுபடியும் ஒழிக்கச் சொல்லி 2022-ல் சென்னை உயர்நீதிமன்றம் சத்தம் போட வேண்டியிருந்தது. அது போலீஸ் துறை வழக்கு என்பார்கள். சரி, 2024-ல் வேலூரில் என்ன நடந்தது? ஆயுள் கைதி ஒருவரையே வீட்டு வேலைக்கு வைத்துக்கொண்டு, பணம் திருடினான் என்று அடித்துச் சித்திரவதை செய்ததாக அவருடைய தாய் உயர்நீதிமன்றம் வரைக்கும் போனார். சிறைத்துறை டிஐஜி மீதே சிபிசிஐடி வழக்குப் பதிந்தது. தண்டனைக் கைதி சிறைக்கு வெளியே அதிகாரி வீட்டில் வேலை பார்த்தார் என்றால், அதைவிடப் பெரிய பாதுகாப்புக் கோளாறு எது? உங்கள் கட்டுரையில் அதற்கு ஒரு வரி இல்லை.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு ராத்திரி மதில் ஓரமாக என் பாரா. அடுத்த இடத்துக்குப் போட்டிருந்த ஆள் மேலதிகாரி வீட்டு விசேஷத்துக்குப் பந்தல் வேலைக்குப் போய்விட்டார். அந்த இடத்தையும் நீயே பார்த்துக்கொள் என்று வாய்வார்த்தையாகச் சொன்னார்கள், எதிலும் எழுதவில்லை. விடிந்து பார்த்தால் அந்தப் பக்கம் டேப் சுற்றிய ஒரு பந்து கிடக்கிறது, உள்ளே கஞ்சா. வெளியிலிருந்து வீசியது. ரோஸ்டர்படி அங்கே நின்றிருக்க வேண்டியவர் யார் என்று விசாரணையில் யாருமே கேட்கவில்லை, நான் சொன்னதையும் எழுதிக்கொள்ளவில்லை. எனக்கு 17(பி) மெமோ, அதாவது ஒழுங்கு நடவடிக்கைக் குற்றச்சாட்டு, இன்கிரிமென்ட் கட். பந்தல் போட்டவருக்கு அந்த வீட்டில் சாப்பாடும் வேட்டியும் கிடைத்தன. அவர் மீது எனக்குக் கோபம் இல்லை, பாவம், வரமாட்டேன் என்று அவரால் சொல்ல முடியுமா?

இன்னொன்றும் எழுதுங்கள். விசாரணைக் கைதியைக் கோர்ட்டுக்கு அழைத்துப் போய்த் திரும்பக் கொண்டுவருவது ஆயுதப்படை போலீஸ், நாங்கள் இல்லை. வழியில் டீக்கடையில் யார் வந்து எதைக் கொடுத்தார்கள் என்பது எங்களுக்குத் தெரியாது. உடம்புக்குள் மறைத்துக்கொண்டு வருகிறவனை வெறும் கையால் தடவிப் பார்த்துக் கண்டுபிடி என்றால் எப்படி? செல்போன் சிக்னலைத் தடுக்க வைத்த ஜாமரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். 2ஜி காலத்தில் வாங்கிய கருவி 4ஜி சிக்னலை என்ன செய்யும்? சும்மா நிற்கும். ஆனால் செல்போன் பிடிபட்டால் அந்த பிளாக் காவலரின் பெயர்தான் பேப்பரில் வரும். மனு போட்டு மகனைப் பார்க்க வரும் அம்மாக்களின் பையையும் பிஸ்கட் பாக்கெட்டையும் கொட்டிப் பார்த்துத் திட்டு வாங்குவதும் நாங்கள்தான். அந்த அம்மாக்கள் திட்டுவதில் நியாயம் இருக்கிறது, நீங்கள் திட்டுவதில்தான் இல்லை.

1999 நவம்பரில் சென்னையின் பழைய மத்திய சிறையில் கலவரம் நடந்தபோது துணை ஜெயிலரை உயிரோடு எரித்துக் கொன்றார்கள், துப்பாக்கிச்சூட்டில் கைதிகளும் செத்தார்கள். எங்கள் குவார்ட்டர்ஸில் பெண்கள் அன்று ராத்திரி முழுக்க வாசலிலேயே உட்கார்ந்திருந்தார்கள். 1837-லிருந்து நின்ற அந்தச் சிறையை இடித்தாயிற்று. இன்று சென்ட்ரல் மெட்ரோவில் இறங்குகிறவர்களுக்கு அங்கே அப்படி ஒன்று இருந்ததே தெரியாது. அப்போதும் ஆள் பற்றாக்குறை என்றுதான் பேசினோம், இப்போதும் அதையேதான் பேசுகிறோம். போலீசுக்குக் காவலர் தினம், வீரவணக்கம் எல்லாம் இருக்கிறது, வேண்டாம் என்று சொல்லவில்லை. எனக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில், ஜெயிலில் இருக்கிற மாப்பிள்ளையா என்று ஒரு பெரியவர் கேட்டார். இன்றைக்கும் பேரன் அதைச் சொல்லிச் சிரிக்கிறான், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மறுப்பு வெளியிடுங்கள், மன்னிப்புக் கேளுங்கள் என்றெல்லாம் நான் சொல்லவில்லை. அடுத்த தடவை எந்தச் சிறையில் எது நடந்து எந்தக் காவலரை சஸ்பெண்ட் செய்தாலும், அந்தச் செய்தியோடு இரண்டு எண்களைச் சேர்த்துப் போடுங்கள்: அந்த ஷிப்டுக்கு ரோஸ்டரில் எத்தனை பேர், மதிலுக்குள் எத்தனை பேர். துறையின் தலைமை அலுவலகம் எழும்பூரில், சிஎம்டிஏ கட்டடத்தில்தான் இருக்கிறது, உங்கள் நிருபருக்குத் தெரியாத இடமா? வாயால் கேட்டால் சொல்ல மாட்டார்கள், தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி எழுதிக் கேட்கச் சொல்லுங்கள். அந்த 10 ரூபாயை வேண்டுமானால் நான் அனுப்புகிறேன்.

கடிதத்தைச் சுருக்கிப் போடுவதாக இருந்தால் என் பெண் பார்த்த கதையை வெட்டிக்கொள்ளுங்கள், ரோஸ்டர் விஷயத்தை வெட்டாதீர்கள். பெயரைப் போட வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற சிறைத் தலைமைக் காவலர்,
வியாசர்பாடி, சென்னை.