ராசிபலனுக்கு நாலு பக்கம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

மனநல மருத்துவமனையில் இருக்கும் பெண் கைதிகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை, ‘மூன்று வேளை சாப்பாடு, டிவி என்று சிறையைவிடச் சொகுசாகவே இருக்கிறார்கள்’ என்று முடித்திருக்கிறார் உங்கள் நிருபர். ஓர் அரசு மனநல மருத்துவமனையின் பெண்கள் கிரிமினல் வார்டில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அந்தச் சொகுசு என் கண்ணில் படாமலே போய்விட்டது.

கதவு திறந்ததும் தலை எண்ணுவோம். அப்புறம் குளியல், பேன் சீப்பு, இட்லி. மாத்திரையை விழுங்கியதும் நாக்கைத் தூக்கச் சொல்லி, கன்னத்தில் ஒதுக்கியிருக்கிறாளா என்று டார்ச் அடித்துப் பார்ப்போம். நகம்கூட நாங்கள்தான் வெட்டிவிட வேண்டும். டிவி உண்டு, சரி. ரிமோட் எங்களிடம். வாய்தா நாளில் விடியும் முன்பே தலைவாரித் தயாராக உட்கார்ந்திருப்பார்கள். வழிக்காவலுக்கு போலீஸ் வராது. அடுத்த வாய்தா.

தண்டனை பெற்றவளுக்காவது விடுதலைத் தேதி உண்டு. சித்தம் கலங்கிச் செய்தது என்று இந்திய தண்டனைச் சட்டத்தின் 84-ஆம் பிரிவில் (இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 22) விடுவிக்கப்பட்டவளைக் காவலில் வைக்க நீதிமன்றம் உத்தரவிட்டால், அதற்குக் கெடு கிடையாது. பிரசவமான சில வாரத்தில் புத்தி பேதலித்துக் குழந்தையைக் கிணற்றில் போட்ட ஒருத்தி, குணமாகி, வார்டில் எல்லோருக்கும் சடை பின்னிவிட்டுக்கொண்டிருந்தாள். டாக்டர் அனுப்பலாம் என்று எழுதிவிட்டார். அண்ணன்தான், ‘ஊர்ல தலைகாட்ட முடியாது சிஸ்டர்’ என்று போனை வைத்துவிட்டார். வீட்டார் ஏற்கவில்லை என்பதற்காக மட்டும் ஒருவரை மருத்துவமனையில் வைத்திருக்கக் கூடாது என்கிறது 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம். அவள் அங்கேயேதான் இருந்தாள்.

2001-இல் ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் சங்கிலியோடு 28 பேர் எரிந்து செத்தபோது பக்கம் பக்கமாக அழுத பத்திரிகைதானே இது? ‘கீழ்ப்பாக்கம் கேஸ்’ துணுக்குகளை உங்கள் தீபாவளி மலர் இன்னும் விட்டபாடில்லை. கண்டித்து எழுதினால் இடப்பற்றாக்குறை என்று பதில் வந்தது. அதே மலரில் ராசிபலனுக்கு நாலு பக்கம்.

போகட்டும். சிகிச்சையில் இருப்பவரைப் பற்றிய தகவலை அவர் சம்மதமின்றி ஊடகத்துக்குத் தரக் கூடாது என்று அதே மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு சொல்வது உங்களுக்குத் தெரியாததல்ல. யார் தந்தார்களோ, ஒரு பெண்ணின் ஊரையும் வழக்கையும் அச்சிட்டிருக்கிறீர்கள். இனி அவளை எந்த அண்ணன் வந்து அழைத்துப் போவான்? இந்தக் கடிதத்தை வெளியிடச் சொல்லவில்லை. இணையப் பதிப்பிலாவது அந்த ஊர்ப் பெயரை எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர், திருச்சி