டிஸ்க் கோல்ஃப்: மொத்த வீச்சையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

டிஸ்க் கோல்ஃப் என்பது வட்டத் தட்டை (டிஸ்க்) வீசி, ஹோல் ஒவ்வொன்றின் கூடையிலும் முடிந்த அளவு குறைந்த வீச்சில் விழவைக்கும் ஆட்டம். அதன் முடிவுகளைப் போடும்போது ‘பாருக்கு (எதிர்பார்க்கப்படும் வீச்சு எண்ணிக்கைக்கு) 12 குறைவு’ என்று மட்டும் எழுதினால் வாசகருக்கு ஒன்றும் விளங்காது. எத்தனை வீச்சில் முடித்தார் என்பதையும் சேர்த்துப் போடுங்கள். வெற்றியைத் தீர்மானிப்பது அந்த மொத்தம்தான். பார் காலத்துக்குக் காலம் மாறி வந்திருக்கிறது.

1975-இல் கலிஃபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் எட் ஹெட்ரிக் முதல் நிரந்தரத் திடலை அமைத்தார். மறு ஆண்டே இந்த ஆட்டத்தின் தொழில்முறைச் சங்கமான பி.டி.ஜி.ஏ. பிறந்தது. கூடை 60 மீட்டரில் இருந்தாலும் 200 மீட்டரில் இருந்தாலும் பார் 3, ஆக 18 ஹோலுக்கு 54 என்பது அப்போதிருந்தே பலர் கைக்கொண்ட வழக்கம். மனக்கணக்குக்குச் சுலபம், அவ்வளவுதான்.

கூடையை நெருங்கியபின் இரண்டு வீச்சு அனுமதிக்கும் பார் விளக்கமும் ஒரு காலத்தில் விதிநூலில் இருந்தது. கோல்ஃபில் பந்தை உருட்டிக் குழியில் விழவைக்க அது பொருந்தும். இங்கே கூடையைச் சுற்றிய 10 மீட்டர் வட்டத்துக்குள் வந்துவிட்டால் தேர்ந்தவர்கள் பெரும்பாலும் ஒரே வீச்சில் முடித்துவிடுகிறார்கள். முதல் வீச்சிலேயே வட்டத்தை எட்டிவிடும் ஹோலுக்கு பார் 3 என்றால், பிழையில்லாமல் ஆடினாலே ‘பேர்டி’ (பாருக்கு ஒன்று குறைவு)! வல்லவர் பிழையின்றி ஆடினால் எதிர்பார்க்கும் எண்ணிக்கையே பார் என்று விளக்கம் மாறிய பிறகும், பார் 2 எழுதும் வழக்கம் வரவில்லை. குட்டி ஹோல்களின் பார் இன்னமும் தாராளமாகவே இருக்கிறது.

நீண்ட ஹோல்களில் பார் 4, 5 என்று உயர்ந்தது. ஒரு மரம்கூட நகராமல் 54 பார் திடல் 64 ஆகலாம். 60 வீச்சில் முடித்தவர் பழைய கணக்கில் 6 கூடுதல், புதிய கணக்கில் 4 குறைவு. இந்த இரண்டையும் ஒப்பிட்டு ‘ஆட்டம் முன்னேறிவிட்டது’ என்று எழுதுவது அபத்தம். மொத்த வீச்சு எண்ணிக்கையையே பார் பாதிக்கும் இடமும் உண்டு: தாமதமாக வந்து ஒரு ஹோலைத் தவறவிட்டவருக்கு அதன் பாரோடு 4 சேர்த்து எழுதுவார்கள்.

வடசென்னை மைதானங்களில் தற்காலிகக் கூடை வைத்து ஆட நினைக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. தூரத்தை மட்டும் பார்த்து பார் எழுதாதீர்கள். ஒரே தரத்திலுள்ள ஆட்டக்காரர்களை ஒவ்வொரு ஹோலையும் 20, 30 முறை ஆடவிட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். எல்லைக்கு வெளியே போனது, மரத்தில் அடித்தது போன்றவற்றைக் கழித்துவிட்டு, மிச்சத்தில் அதிகம் வரும் எண்ணை எடுங்கள். காலையில் மட்டும் ஆடிப் பார்த்தால் போதாது. திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் கோடையில் நண்பகலை ஒட்டிக் கடற்காற்று கிளம்பிவிடும். கிழக்கு நோக்கிய ஹோலில் அது எதிர்காற்று; வலக்கைக்காரரின் பேக்ஹேண்ட் (கையை உடலுக்குக் குறுக்கே கொண்டுபோய் வீசும்) வீச்சு வலப்பக்கம் கவிழ்ந்து விழும். அங்கே அதுதான் வழக்கமான வானிலை, அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

50 மீட்டர் வீசுபவருக்கும் 120 மீட்டர் வீசுபவருக்கும் ஒரே பார் பொருந்தாது. பி.டி.ஜி.ஏ. தங்கம், நீலம், வெள்ளை, சிவப்பு என்று ஆட்டத்தரத்தைப் பிரிப்பது இதற்காகத்தான். ஸ்கோர் அட்டையில் பாருக்குப் பக்கத்திலேயே அது எந்தத் தரத்துக்கானது என்றும் எழுதிவிடுங்கள்.

இப்படிக்கு,
டிஸ்க் ஆட்டக்காரர்கள் சிலர்,
திருவொற்றியூர், சென்னை.