வடிகட்டி அடைத்துக்கொண்டால் பழி ஓட்டுபவர் மீதா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் சென்ற இதழின் வாகனப் பகுதியில், டீசல் கார்களின் கரித்துகள் வடிகட்டி அடைத்துக்கொள்வதற்கு ஓட்டுபவர்களின் பழக்கமே காரணம் என்று ஒரே வரியில் முடித்திருந்ததைப் படித்து மனம் புண்பட்டேன்.

டி.பி.எஃப். எனப்படும் அந்த வடிகட்டி இயங்கும் விதம் தாங்கள் அறியாததல்ல. அதில் சேரும் கரியை எரிக்கச் சுமார் 600 டிகிரி செல்சியஸ் வெப்பம் தேவைப்படுவதால், என்ஜின் கூடுதல் டீசலைச் செலுத்திப் புகைப்பாதையைச் சூடாக்குகிறது. பத்து இருபது நிமிடம் தடையின்றி ஓடினால்தான், கரியை எரித்து வடிகட்டியைச் சுத்தமாக்கும் அந்த ‘ரீஜெனரேஷன்’ முழுமை பெறும். அன்றாடம் ஐந்து கிலோமீட்டர்தான் ஓட்டுவேன் என்று வாங்கும்போதே சொன்னேன். அதைக் கேட்ட பிறகும் டீசல் காரையே பரிந்துரைத்த விற்பனையாளர், இதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அப்படியிருக்க, இதில் என் பழக்கத்தின் குற்றம் எது?

வடிகட்டி அடைபடுவதைக் காட்டும் எச்சரிக்கை விளக்கு முதன்முறை எரிந்தபோது, கையேட்டில் சொன்னபடி, போக வேண்டிய இடம் எதுவும் இல்லாமலேயே விடுமுறை நாளில் நெடுஞ்சாலையில் ஓட்டி அதை அணைத்தேன். மூன்றாம் முறை கார் வேகமெடுக்கவே மறுத்தது. சர்வீஸ் மையத்தில் வடிகட்டியையே மாற்றினார்கள். ஆனாலும் விளக்கு மறுபடி எரிந்தது. பிறகு வேறொரு மெக்கானிக் சோதித்தபோதுதான், வடிகட்டியின் இருபுற அழுத்த வேறுபாட்டை அளக்கும் சென்சார் பழுதாகியிருப்பது தெரிந்தது. அதற்கும் முன்பே, டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் குறைவதற்குப் பதிலாக ஏறியிருப்பதைச் சர்வீஸ் மையத்தாரிடம் காட்டிக் கேட்டிருக்கிறேன். ரீஜெனரேஷன் பாதியில் நிற்கும்போதெல்லாம் எரியாத டீசல் ஆயிலில் இறங்கி அதை நீர்க்கச் செய்யும் என்பதை விளக்காமல், யாரோ ஆயிலை அதிகமாக ஊற்றிவிட்டார்கள் என்று சொல்லி அனுப்பிவைத்தார்கள்.

வடிகட்டியை அறுத்தெடுத்துவிட்டால் தொல்லை தீரும் என்று யோசனை சொன்னவர்களும் உண்டு. நான் சம்மதிக்கவில்லை. அந்தக் கரி பிறர் நுரையீரலுக்குள் போகக் கூடாது என்பதில் எனக்கு இரண்டாவது எண்ணம் கிடையாது. ஆனால் பிரெஞ்சு நிறுவனமான பூஷோவின் 607 காரில் இவ்வடிகட்டி வந்தது 2000ஆம் ஆண்டில். இத்தனை ஆண்டுகள் கழித்தும், ரீஜெனரேஷன் நடந்துகொண்டிருக்கிறது, என்ஜினை அணைக்க வேண்டாம் என்று ஓட்டுபவருக்குச் சொல்லும் ஒரு சிறு விளக்குகூடப் பல கார்களில் இல்லை. அறிவிக்கப்படாத ஒன்றை நான் எப்படிக் காப்பாற்றுவேன்?

தங்கள் மதிப்பாய்வுகளும் டீசல் கார்களை நெடுந்தூரம் ஓட்டிப் பார்த்தே பாராட்டுகின்றன. எங்களைப் போல் குறுந்தூரம் ஓட்டுபவர்களின் பாடு அவற்றில் இடம்பெற்றதாக எனக்கு நினைவில்லை. இனி வெளியிடும் ஒவ்வொரு டீசல் கார் மதிப்பாய்விலும், ரீஜெனரேஷன் நடப்பதை அந்தக் கார் ஓட்டுபவருக்குத் தெரிவிக்கிறதா இல்லையா என்பதை ஒரு வரியில் குறிப்பிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
நெடுநாள் வாசகன்